சுவரின் முதுகில் தேங்கும் தண்ணீர்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

மும்பையில் குன்றை ஒட்டிக் குடியிருக்கும் நம்மவர்கள் மே மாதம் வந்தாலே தடுப்புச் சுவர் கேட்டு வார்டு ஆபீசுக்கு மனு எழுதுகிறார்கள். சுவர் வந்துவிட்டால் போதும் என்ற நம்பிக்கைதான் கவலை தருகிறது. 2019 ஜூலையில் மலாட் பிம்ப்ரிபாடாவிலும், 2021 ஜூலை 18 அன்று செம்பூர் பாரத் நகரிலும் வீடுகள்மேல் விழுந்து உயிர்களைப் பறித்ததே சுவர்தான்.

இங்குள்ள குன்றுகளில் அடியில் கெட்டியான பாறை, மேலே அது சிதைந்து உண்டான முரம் என்ற சரளை மண். முரத்தில் இறங்கும் மழை பாறையைத் தாண்டி இறங்க முடியாமல், சரிவோடு வந்து சுவரின் முதுகில் தேங்குகிறது. 4 மீட்டர் உயரச் சுவரை, நீர் வடிந்த மண் ஒரு மீட்டர் நீளத்துக்குச் சுமார் 5 டன் விசையோடு தள்ளும். அதே மண்ணில் உச்சிவரை நீர் நின்றால் 10 டன்.

ஆகவே சுவரில் 75 முதல் 100 மி.மீ. குழாய்த் துளைகள், ஒன்றரை மீட்டருக்கு ஒன்றாக, வெளிப்பக்கம் சற்றுத் தாழ்ந்திருக்க வேண்டும். பின்னால் ஓரடி கனத்துக்கு ஜல்லி அவசியம். ஜல்லிக்கும் மண்ணுக்கும் நடுவே, மண்ணைத் தடுத்து நீரை மட்டும் விடும் வடிதுணி விரிக்க வேண்டும். இவை இல்லாமல் வெறும் மண்ணைத் தள்ளி மூடினால், குழாய் சீக்கிரமே அடைத்துக்கொள்ளும். வெளியிலிருந்து பார்க்க எல்லாம் சரியாகத்தான் தெரியும்! மே மாதத்திலேயே துளைக்குள் கம்பியை விட்டுப் பாருங்கள்: ஜல்லியில் இடிக்க வேண்டும், சேறு ஒட்டிக்கொண்டு வரக்கூடாது.

பல வீடுகளுக்கு இந்தச் சுவரே பின்சுவர். உள்ளே நீர் சொட்டுகிறது என்று துளையை சிமென்ட் வைத்து அடைத்துவிடுகிறார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள், சொட்டும் நீரை ஒரு குழாயில் பிடித்துக் கால்வாய்க்கு விடுங்கள். மேல்வீடுகளின் குளியலறை நீரும் மண்ணில் இறங்காமல் குழாயில் போக வேண்டும். சுவரின் அடியை ஒட்டிப் பள்ளம் தோண்டவே கூடாது.

கனமழையில் துளைகளில் தெளிந்த நீர் ஓடினால் நல்லது. கலங்கிய நீர் வந்தாலும், ஓடிய நீர் மழை விடாதபோதே நின்றாலும், சுவர் வயிறு தள்ளினாலும், மேலே தரை பிளந்தாலும் பொருள்களை எடுக்க நிற்காமல் வெளியேறி, மாநகராட்சியின் உதவி எண் 1916க்குச் சொல்லுங்கள்.

மாநகராட்சிக்கு எங்கள் கோரிக்கை: சுவர் கட்டும் பில்லை, பின்புற ஜல்லியைப் புகைப்படத்தோடு பதிவு செய்த பிறகே கொடுங்கள். குன்றின் மேல்விளிம்பில் காங்கிரீட் வடிகால் இல்லாத சுவருக்கு அனுமதியே தராதீர்கள்.

இப்படிக்கு,
கட்டுமானப் பொறியாளர்கள் சிலர்,
செம்பூர், மும்பை