மார்க்கேஸ் பார்த்த கணக்கு

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். ரோத்தக்கில் பனி இறங்கிவிட்டது என்று செய்தியில் பார்த்ததிலிருந்து அம்மா உன் ஸ்வெட்டரைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறாள். இருக்கிறதா, இல்லை யாருக்காவது இரவல் கொடுத்துவிட்டாயா என்று கேட்கச் சொன்னாள்.

உன் குத்துச்சண்டைப் போட்டியில் மூன்றுக்கு இரண்டு என்று ஜட்ஜுகள் பிரிந்து எதிராளியின் கையைத் தூக்கிவிட்ட அன்று ராத்திரி நீ போனில் சொன்னாய்: "இனிமே ஜட்ஜுக்கு வேலையே வைக்க மாட்டேன்பா. மார்க்கேஸ் மாதிரி ஒரே குத்துல படுக்க வெச்சுடுவேன்." கோபத்தில் சொன்னது, அதில் தப்பில்லை. ஆனால் நீ பார்த்தது 2012-ல் மார்க்கேஸ் பாக்கியோவைப் படுக்க வைத்த அந்த ஒரு குத்தின் கிளிப் மட்டும்தான் என்று நினைக்கிறேன். அதற்குப் பின்னால் எட்டு வருஷமும் 41 முழு ரவுண்டும் கிடக்கிறது. போனில் சொன்னால் "சரிப்பா, சரிப்பா" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் பேனாவை எடுத்தேன்.

மெக்சிகோ குத்துச்சண்டைக்காரர் ஹுவான் மனுவேல் மார்க்கேஸ் மேல் எனக்கு முதலில் ஒட்டுதல் வந்ததே அவர் நம்ம தொழில்காரர் என்பதால்தான். கணக்கியல் படித்தவர். மெக்சிகோவில் ஓர் அரசு அலுவலகத்தில் கணக்கராகவும் வேலை பார்த்துக்கொண்டே குத்துச்சண்டை போட்டவர். வளர்ந்தது மெக்சிகோ நகரத்தின் இஸ்தபலாபா பகுதி, கஷ்டப்பட்ட ஜனங்கள் நெருக்கியடித்து வாழும் இடம். அவருடைய அப்பாவும் குத்துச்சண்டைக்காரர். தம்பி ரஃபேலும் அதே ரத்தம். 2003 பிப்ரவரியில் இரண்டு வார இடைவெளியில் அண்ணனும் தம்பியும் உலக சாம்பியன் ஆனார்கள். ஒரே மாதத்தில் ஒரே வீட்டுக்கு இரண்டு பெல்ட்! அண்ணன் ஜெயித்தது ஃபெதர்வெயிட்டில். 126 பவுண்டு, அதாவது உன்னுடைய அதே 57 கிலோ.

ஆரம்பமே சரியில்லாத ஆள் அவர். 1993-ல் போட்ட முதல் தொழில்முறைச் சண்டையிலேயே டிஸ்குவாலிஃபை ஆகித் தோற்றார். அதற்கப்புறம் 1999 வரைக்கும் தோல்வியே கிடையாது. அந்த வருஷம்தான் முதல் உலகப் பட்ட வாய்ப்பு கிடைத்தது, ஃப்ரெடி நார்வுட்டிடம் பாயிண்ட்ஸில் போனது. அடுத்த வாய்ப்புக்கு மூன்று வருஷத்துக்கு மேல் காத்திருந்தார்.

ஏன் அவ்வளவு காத்திருப்பு என்று கேட்பாய். மெக்சிகோ ஜனங்களுக்கு ஹூலியோ சேசர் சாவேஸ் போல இறங்கி அடிக்கிறவர்கள்தான் தெய்வம். முன்னால் வந்துகொண்டே இருக்க வேண்டும், விலாவில் போட வேண்டும், ரத்தம் வந்தாலும் பின்வாங்கக் கூடாது. மார்க்கேஸின் கோச் நாச்சோ பெரிஸ்டாயின் அந்தப் பள்ளிக்கூடம் இல்லை. தன்னிடம் படித்த கில்பர்ட்டோ ரோமான், டேனியல் சரகோசா என்ற இரண்டு சாம்பியன்களின் பெயரை ஒட்டவைத்து ஜிம்முக்கு 'ரோமான்சா' என்று பெயர் வைத்தவர் அவர். ஒரு தோல்வியும் இல்லாமல் ஓய்வுபெற்ற ரிக்கார்டோ லோபெஸும் அவர் கையில் வளர்ந்தவர்தான். அங்கே கற்றுக்கொடுப்பது எதிராளியைப் போடவிட்டு, அவன் போட்டுவிட்டுக் கையை இழுக்கும் நேரத்தில் உள்ளே நுழைவது. பார்க்க அழகு. ஆனால் ஆர்ப்பாட்டம் இல்லாததால் டிக்கெட் விற்காது, பெரிய சண்டைகளும் லேசில் கிடைக்காது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். 2004 மே 8, லாஸ் வேகாஸ், எதிரே பிலிப்பைன்ஸின் மேனி பாக்கியோ. உன்னோடு மோதிய அந்தப் பெண் போலவே இடதுகைக்காரர். முதல் ரவுண்டை யூடியூபில் முழுசாகப் பார். பாக்கியோவின் இடது நேராக வருகிறது, மார்க்கேஸ் விழுகிறார். எழுகிறார். மறுபடியும் இடது, மறுபடியும் விழுகிறார். மூன்றாவது தடவை விழுந்தபோது மூக்கிலிருந்து ரத்தம். மூன்று தடவை விழுந்தால் சண்டை முடிந்தது என்ற விதி அன்றைக்கு அமலில் இல்லை. நான் அவர் மூலையில் நின்றிருந்தால் சண்டையை நிறுத்தச் சொல்லி டவலை வீசியிருப்பேன்.

இரண்டாவது ரவுண்டிலிருந்து பார்க்க வேண்டியது முகத்தை அல்ல, முன்காலை. இடதுகைக்காரனோடு நிற்கும்போது இரண்டு பேர் முன்காலும் ஒரே பக்கம் வந்து இடிக்குமில்லையா, அந்த இடத்தில் தன் இடதுகாலை பாக்கியோவின் வலதுகாலுக்கு வெளியே கொண்டுபோய் வைக்கப் பழகுகிறார். அதிகமில்லை, அரை அடி. அந்த அரை அடியில் பாக்கியோவின் இடது கொஞ்சம் விலகிப் போகிறது, இவருடைய வலது நேராகப் போய் விழுகிறது. நாலாவது ஐந்தாவது ரவுண்டுக்குள் சண்டையே வேறாகிவிட்டது. 12 ரவுண்டு முடிந்து ஒரு ஜட்ஜ் பாக்கியோவுக்கு 115-110, இன்னொருவர் மார்க்கேஸுக்கு 115-110, மூன்றாமவர் 113-113. டிரா.

இதில் ஒரு விஷயம் உண்டு, மார்க்கேஸ் ரசிகர்கள் வாய்திறக்க மாட்டார்கள். மூன்று தடவை விழுந்த ரவுண்டுக்கு மற்ற இரண்டு ஜட்ஜும் 10-6 (பாக்கியோவுக்கு 10, மார்க்கேஸுக்கு 6) போட்டார்கள். 113-113 போட்டவர் மட்டும் 10-7 போட்டிருந்தார். தப்பாகப் போட்டுவிட்டேன் என்று அவரே பின்னால் ஒப்புக்கொண்டார். மார்க்கேஸ் கணக்கிலிருந்து அந்த ஒரு பாயிண்டைக் கழித்துப் பார், டிரா போய் தோல்வி ஆகிவிடும். ஜட்ஜின் கை தவறியது மார்க்கேஸுக்கும் ஒரு தடவை சாதகமாகத்தான் இருந்தது.

மறு சண்டைக்கு ஏழரை லட்சம் டாலர் பேசினார்கள். போதாது என்று மறுத்தார். அப்புறம் 2006-ல் இந்தோனேசியாவுக்குப் போய், 30,000 டாலர் சொச்சத்துக்கு கிறிஸ் ஜானோடு அவர் சொந்த மண்ணிலேயே மோதினார், பாயிண்ட்ஸில் தோற்றார். கணக்குப் படித்தவர் போட்ட கணக்கா இது என்று எனக்கு இன்றைக்கும் ஆற்றாமைதான். ஆனால் மனுஷன் அதோடு படுத்துவிடவில்லை. 2007-ல் இன்னொரு மெக்சிகோ சாம்பியனான மார்க்கோ அன்டோனியோ பரேராவை ஜெயித்து அடுத்த எடைப்பிரிவுக்குப் போனார். 2009-ல் ஹூஸ்டனில், ஊர்க்காரப் பையன் ஹுவான் டியாஸை ஒன்பதாவது ரவுண்டில், கீழிருந்து மேலே போடும் அப்பர்கட்டில் முடித்தார். அவருடைய சண்டைகளில் எனக்கு ரொம்பப் பிடித்தது இதுதான், பாக்கியோ சண்டைகளைவிடவும். அதே வருஷம் அமெரிக்காவின் ஃப்ளாய்ட் மேவெதரோடு மோதியது வேண்டாத வேலை. மேவெதர் பேசிய எடையைத் தாண்டி இரண்டு பவுண்டு கூடுதலாக வந்தார், பவுண்டுக்கு மூன்று லட்சம் டாலர் வீதம் தண்டமும் கட்டினார். பணம் வந்தது, சண்டை கிடைக்கவில்லை. 12 ரவுண்டும் மேவெதர் கைதான் ஓங்கி இருந்தது.

பாக்கியோவோடு இரண்டாவது சண்டை 2008-ல். மூன்றாவது ரவுண்டில் ஒரு தடவை விழுந்தார். ஆளுக்கொரு ஜட்ஜ் 115-112 கொடுக்க, மூன்றாமவர் பாக்கியோவுக்கு 114-113 போட்டார். ஒரே ஒரு பாயிண்ட். அந்த ஒரு விழுகை இல்லையென்றால் அந்த ஜட்ஜின் மார்க் சீட்டு சமனாகி சண்டையே டிரா. பேரேடு டேலி ஆகவில்லை என்றால் நான் என்ன செய்வேன் என்று சின்ன வயசில் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறாய். ஆடிட்டரைத் திட்டிக்கொண்டு இருக்க மாட்டேன், எந்த எண்ட்ரி விட்டுப்போச்சு என்று ராத்திரி முழுக்கத் தேடுவேன். மார்க்கேஸ் ஜட்ஜுகளை நிறையத் திட்டினார்தான், அதையும் சொல்ல வேண்டும். ஆனால் ஜிம்முக்குப் போய் அந்த ஒரு எண்ட்ரியைத் தேடவும் செய்தார்.

2011 நவம்பர், மூன்றாவது சண்டை. இதில் என் சீட்டில் மார்க்கேஸ் ஏழு ரவுண்டு, பாக்கியோ ஐந்து. ஜட்ஜுகள் போட்டது 114-114, 115-113, 116-112, கடைசி இரண்டும் பாக்கியோவுக்கு. அரங்கமே கூச்சல் போட்டது. ஆனால் கடைசி ரவுண்டுகளை நீயே பார்த்துச் சொல். ஜெயித்தாச்சு என்ற நினைப்பு மார்க்கேஸ் உடம்பில் தெரிகிறது. கை குறைகிறது, பாக்கியோ அந்த நேரத்தில் ஓயாமல் போட்டுக்கொண்டிருக்கிறார். உன் சண்டை வீடியோவை கோச் எனக்கும் அனுப்பியிருந்தார். மூன்றாவது ரவுண்டின் கடைசி 40 நொடியில் நீ முகத்தை மறைத்துக் கையைத் தூக்கிக்கொண்டு சுற்றிச் சுற்றி வருகிறாய், அந்தப் பெண் மேலே படாத ஜாபையும் (முன்கையால் போடும் நேர்க்குத்து) விடாமல் போட்டுக்கொண்டிருக்கிறாள். இதை மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்கிறேன்.

நாலாவது சண்டை, 2012 டிசம்பர் 8. அவருக்கு வயது 39. நீ சொன்ன மாதிரியே ஜட்ஜுக்கு விடக்கூடாது என்று முடிவு பண்ணித்தான் வந்தார். அதில் உன் பேச்சு நியாயம்தான். ஆனால் வந்தவர் கண்ணை மூடிக்கொண்டு வீசவில்லை. மூன்றாவது ரவுண்டில் மேலிருந்து வளைத்து ஒரு வலது போட்டு முதல் தடவையாக பாக்கியோவைத் தரையில் உட்கார வைத்தார். ஐந்தாவதில் இவர் விழுந்தார். மூக்கு உடைந்து வாயால் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். அந்த நேரத்தில் மூன்று ஜட்ஜ் சீட்டிலும் பாக்கியோ 47-46 முன்னால். ஆறாவது ரவுண்டு முடியப் போகிறது. கயிற்றோரம் மார்க்கேஸை ஒதுக்கிவிட்டதாக நினைத்து பாக்கியோ ஜாபோடு உள்ளே நுழைகிறார். மார்க்கேஸ் விலகிப் போகவில்லை, தலையைக் கொஞ்சம் தாழ்த்தி முன்னால் சாய்கிறார். வலது கை நகர்ந்தது ஒரு முழம்கூட இருக்காது. 2 நிமிடம் 59 நொடி. பாக்கியோ முகம் குப்புற விழுந்து அசையவில்லை. 2004-ல் முதல் நாள் பள்ளிக்கூடம் போன பையன் மாதிரி கற்றுக்கொள்ளத் தொடங்கிய அதே கவுன்டர் குத்து, அதே ஆள், அதே உள்ளே வரும் கால்.

ஐந்தாவது சண்டைக்கு எவ்வளவோ கேட்டார்கள். வரமாட்டேன் என்று சொல்லிவிட்டார். நல்ல முடிவு.

மறைக்காமல் இன்னொன்றும் எழுதிவிடுகிறேன். அந்த நாலாவது சண்டைக்கு அவர் உடம்பு திரண்டிருந்ததைப் பார்த்துப் பலர் புருவம் தூக்கினார்கள். உடற்பயிற்சிக்கு அவர் வைத்திருந்த ஆள், முன்பு ஓட்டப்பந்தயக்காரர்களுக்குத் தடை செய்யப்பட்ட மருந்து வாங்கிக் கொடுத்ததாக அமெரிக்க நீதிமன்றத்திலேயே சொன்னவர். மார்க்கேஸ் எந்தச் சோதனையிலும் மாட்டியதில்லை, அதனால் நான் அவரைக் குற்றம் சொல்லத் தயாரில்லை. ஆனாலும் பேச்சு இன்றுவரை ஓயவில்லை. உன் ஹாஸ்டலில் யாராவது பவுடர், மாத்திரை, "இது ஆயுர்வேதம்தான்" என்று எதையாவது நீட்டினால், கேம்ப் டாக்டரிடம் டப்பாவைக் காட்டாமல் வாயில் வைக்காதே. எவ்வளவு சிநேகிதமாக இருந்தாலும் சரி.

கடைசியாக ஒரு கணக்கு. 56 வெற்றி, 7 தோல்வி, 1 டிரா, 40 நாக் அவுட், நாலு எடைப்பிரிவில் பட்டம். அந்த ஏழு தோல்வியில் ஒன்று முதல் சண்டையின் டிஸ்குவாலிஃபை. மீதி ஆறும் ஜட்ஜுகள் கொடுத்தது. பாக்கியோவை விழ வைத்த அடுத்த வருஷமே திமோத்தி பிராட்லியிடம் மறுபடியும் ஜட்ஜுகள் பிரிந்து தோற்றார். உலகமே பார்த்த அந்த நாக் அவுட்டுக்கு அப்புறமும் சீட்டு அவர் பக்கம் வரவில்லை, பார்த்தாயா? உங்களுக்கோ மூன்றே ரவுண்டு, தலைக்கவசம் வேறு. படுக்க வைக்கிறேன் என்று நீ வலதைத் தூக்கி வீசிக்கொண்டிருந்தால் ஐந்து ஜட்ஜும் சேர்ந்தே எதிராளிக்குப் போட்டுவிடுவார்கள். முன்காலைப் பார். கோச்சிடம் இடதுகைப் பெண் யாரையாவது ஸ்பாரிங்குக்குக் கேள். கடைசி 40 நொடிக்குக் கையில் காற்று மிச்சம் வை.

அடுத்த ட்ரயலில் உனக்கு யார் வருகிறார்கள் என்று தெரிந்தால் பெயரும் எந்தக் கை என்பதும் அனுப்பு, வீடியோ கிடைக்கிறதா என்று தேடிப் பார்க்கிறேன். அம்மா முறுக்கு சுட்டு அனுப்பத்தான் நினைத்தாள், எடை போடும் நாள் வரைக்கும் வேண்டாம் என்று நான் தடுத்துவிட்டேன். பருப்புப் பொடியும் பூண்டு ஊறுகாயும் மட்டும் பார்சலில் வருகிறது. ஸ்வெட்டர் விஷயத்துக்குப் பதில் போடு.

அன்புடன்,
அப்பா