தண்டனை விசாரணையன்று கையில் இருக்க வேண்டிய காகிதங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஒரு கொலை வழக்கில் தீர்ப்பு வந்தால் தண்டனை போதுமா, கூடுதலா என்று டீக்கடை வரை பேசுகிறோம். எதைப் பார்த்து அந்த அளவு முடிவானது என்று கேட்பவர் குறைவு. குற்றவாளி என்று அறிவித்த பின், தண்டனை பற்றி அவரைத் தனியாகக் கேட்டாக வேண்டும். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் இது 235(2)-ஆம் பிரிவு. 2024 ஜூலை 1 முதல், அதற்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 258(2). அப்போது தண்டனையைக் குறைக்கக் கேட்பதற்கான ஆவணங்களையும் தாக்கல் செய்ய இடம் தர வேண்டும் என்று 1976-லேயே சாந்தா சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

ஆனால் பல வழக்குகளில் காலையில் 'குற்றவாளி', சாயங்காலம் தண்டனை. "வயசான அம்மா இருக்காங்க, பார்த்துச் செய்யுங்க" என்று கூண்டிலிருந்து வரும் ஒற்றை வரி தீர்ப்பில் ஏறும். அதைத் தாங்க ஒரு காகிதமும் இராது. மேல்முறையீட்டில் ஐகோர்ட்டுக்கும் பார்க்க எதுவும் மிஞ்சாது.

இந்தக் காகிதங்கள் நம் ஊர்களிலேயே இருக்கின்றன. சின்ன வயதிலேயே சோமனூர் தறிக்குடோனுக்கோ திருப்பூர் பனியன் கம்பெனிக்கோ போனவரின் பள்ளி மாற்றுச் சான்றிதழில், எந்த வகுப்பில் எந்தத் தேதியில் படிப்பு நின்றது என்று இருக்கும். மனநல சிகிச்சைக்கு அரசு ஆஸ்பத்திரி ஓ.பி. சீட்டு, மாத்திரைச் சீட்டு. திருச்செங்கோட்டு போர்வெல் ரிக் வண்டியோடு வெளிமாநிலம் சுற்றியவருக்கு உள்ளூரில் சாட்சி கிடைப்பது கஷ்டம். கூட வேலை செய்தவரிடம் பிரமாணப் பத்திரம் வாங்க வேண்டும். ஒடிசா, பீகார் தொழிலாளி என்றால் ஊர்ப் பள்ளிக்கு எழுதிப் பதில் வரவே மாதங்கள் ஆகும். தீர்ப்புக்கு முந்தின வாரம் தேடினால் எதுவும் கைக்கு வராது. கோவை, சேலம் மத்திய சிறைகளில் இருப்பவரின் நடத்தை அறிக்கையைச் சிறையிலிருந்து வரவழைக்கும்படி கோர்ட்டிலேயே மனு போடலாம்.

தூக்கு விதிக்கக்கூடிய வழக்குகளில் இது இன்னும் கறாரானது. 1980-இல் பச்சன் சிங் வழக்கு, குற்றத்தோடு குற்றவாளியையும் எடைபோடச் சொன்னது. 2022 மே மாதம் மனோஜ் வழக்கில், மனநல மதிப்பீடு, குடும்பப் பின்னணி, படிப்பு, வருமானம் முதலிய விவரங்களை அரசுத் தரப்பே திரட்டித் தர வேண்டும் என்று உத்தரவானது. 2023 மார்ச்சில் கடலூர் மாவட்ட வழக்கு ஒன்றில், குற்றம் நடந்தபோது வயது 23, முன்வழக்கு இல்லை, சிறையில் உணவு தயாரிப்பில் டிப்ளமோ முடித்தது ஆகியவற்றையும் கணக்கில் எடுத்து, குறைந்தது 20 ஆண்டு கழிக்க வேண்டிய ஆயுளாகத் தூக்கு மாற்றப்பட்டது. சிறையிலிருந்து தப்ப முயன்றதும் அந்தப் பதிவில் இருந்தது. அதையும் மறைக்காமல்தான் எடைபோட்டார்கள்.

சிறு வழக்குகளில் நழுவுவது, சிறைக்கு அனுப்பாமல் நன்னடத்தை உறுதியின் பேரில் விடுவிக்க வழி தரும் 1958-ஆம் ஆண்டு நன்னடத்தைச் சட்டம். ஆயுள் தண்டனைக்கு இடமில்லாத குற்றம், வயது 21-க்குக் கீழ் என்றால், அதன் 6-ஆம் பிரிவுப்படி நன்னடத்தை அலுவலர் அறிக்கையைக் கோர்ட் கேட்டாக வேண்டும். சிறைக்கு அனுப்பினால் காரணம் எழுத வேண்டும். கவனியுங்கள்: குற்றம் நடந்த நாளின் வயது கணக்கில்லை, கோர்ட் குற்றவாளி என முடிவு செய்யும் நாளின் வயதுதான். வழக்கு இரண்டு வருடம் இழுத்தால் இருபது வயதுக்காரருக்கு இந்த 6-ஆம் பிரிவு போய்விடும். அப்போதும் 4-ஆம் பிரிவில் கேட்கலாம். ஆனால் அது கோர்ட்டின் விருப்பம்.

பாதிக்கப்பட்ட குடும்பத்தின் கோபம் நியாயமானது. எந்தக் காகிதமும் குற்றத்தை அழிக்காது. போக்சோ போலக் குறைந்தபட்சத் தண்டனை உள்ள இடத்தில் அதற்குக் கீழே இறக்கவும் முடியாது. தவறான சான்று என்றால் அரசு வழக்கறிஞர் மறுக்கலாம், மறுக்கவும் வேண்டும்.

கோவை, திருப்பூர், ஈரோடு, நாமக்கல், சேலம் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுக்கள், சமூகப்பணி படித்த ஒருவரையாவது இதற்கென்றே அமர்த்த வேண்டும். குற்றப்பத்திரிகை நகல் கைக்கு வந்த வாரமே அவர் சிறைக்குப் போய்க் கைதியிடம் பள்ளி, வேலை, சிகிச்சை, குடும்ப விவரங்களை எழுதி வாங்கட்டும்.

சட்ட உதவி வழக்கறிஞர்கள் சிலர்,
ஈரோடு.