'வரலாறு' பகுதியைச் சரிபார்த்து எழுதுவோம்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். பிஎஸ்டி (யூனிக்ஸ் இயங்குதளத்தின் பெர்க்லி பல்கலைக்கழகக் கிளை) வகை இயங்குதளங்களின் கையேட்டுப் பக்கங்களில் 'வரலாறு' என்றொரு பகுதி உண்டு. அந்தப் பக்கம் விளக்கும் வசதி எந்தப் பதிப்பில் முதலில் வந்தது என்பதை அங்கே ஒரே வரியில் சொல்லிவிடுவார்கள். தமிழில் கணினிக் குறிப்புகள் எழுதும் நம் சிங்கப்பூர் ஆசிரியர்களும் மாணவர்களும் அந்த வரியை அப்படியே எடுத்தெழுதாமல் மூலத்தோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டுகிறேன்.

ஒரு நிரலுக்கான வேர் அடைவை மாற்றும் சிஎச்ரூட் (chroot) என்ற கணினி அழைப்பைப் பாருங்கள்; கணினி அழைப்பு என்பது இயங்குதளத்தின் மையமான கெர்னலிடம் நிரல் விடுக்கும் கோரிக்கை. பெர்க்லியின் பில் ஜாய் 1982இல் 4.2பிஎஸ்டி வெளியீட்டுக்காகச் சேர்த்தது என்று பல இடங்களில் காணலாம். ஆனால் 1979 ஜனவரி நாளிட்ட பெல் ஆய்வக யூனிக்ஸ் ஏழாம் பதிப்பின் கெர்னல் மூலநிரலிலேயே அது 61ஆம் எண் அழைப்பாக இருக்கிறது. அந்தப் பதிப்பில் அதற்குத் தனிப்பக்கம் இல்லை. நடப்பு அடைவை மாற்றும் சிஎச்டிர் (chdir) அழைப்பின் பக்கத்துக்குள் விளக்கியிருக்கிறார்கள். கோப்புப் பெயரை மட்டும் தேடுபவர் கண்ணில் அது படாது. அதனால் உரைக்குள் சொல் தேடும் கிரெப் (grep) கட்டளை கொண்டு எல்லாப் பக்கங்களின் உள்ளேயும் தேடுங்கள். பிறகு கணினி அழைப்புகளின் அட்டவணை உள்ள மூலக்கோப்பையும் திறந்து பாருங்கள். முந்தைய பதிப்பில் இல்லை என்பதையும் உறுதிசெய்த பிறகே 'முதலில்' என்ற சொல்லை எழுதலாம்.

யூனிக்ஸ் முதல் பதிப்பின் கையேட்டுப் பக்கங்களில் 11/3/71 என்றிருக்கும். நாளை முன்னால் எழுதும் நமக்கு அது மார்ச் 11; அமெரிக்க வழக்கிலோ நவம்பர் 3. ஏறக்குறைய எட்டு மாதம் பிசகிவிடும்! கோப்புகளின் நேரமுத்திரையையும் நம்ப வேண்டாம், அது காந்த நாடாவிலிருந்து நகலெடுத்த நாளாகவும் இருக்கலாம்.

எழுதப்பட்ட இடம் வேறு, வெளியே பரவிய வழி வேறு. ஸ்கிரிப்டின் (கட்டளைகள் எழுதிய கோப்பின்) முதல் வரியில், அதை எந்த நிரல் இயக்க வேண்டும் என்று சொல்ல வரும் #! ஏழாம் பதிப்பில் இல்லை. யூனிக்ஸை உருவாக்கியவர்களில் ஒருவரான டென்னிஸ் ரிச்சி 1980 ஜனவரியில் பெல் ஆய்வகத்தில் சேர்த்தார். வெளியுலகம் அதைப் பெர்க்லி வெளியீடுகள் வழியே அறிந்தது. இரண்டையும் எழுதினால்தான் வரலாறு முழுமையாகும். அதேபோல் ஒரு நிரலின் வெளியீட்டை இன்னொன்றுக்கு உள்ளீடாக அனுப்பும் பைப் வசதி 1973 பிப்ரவரி நாளிட்ட மூன்றாம் பதிப்பில் 'முதலில் காணப்படுகிறது' என்பதே சரி. அது கையேட்டின் தேதி, நிரல் பிறந்த தேதி அல்ல.

2002 ஜனவரியில் கால்டெரா என்ற மென்பொருள் நிறுவனம் யூனிக்ஸின் பழைய பதிப்புகளுக்குத் தாராள உரிமம் அளித்தது. யூனிக்ஸ் மரபுச் சங்கத்தின் காப்பகத்தில் அவற்றை இலவசமாகவே பெறலாம். பிழை கண்டால் பதிப்பெண், கோப்பின் முழுப்பாதை, வரி மூன்றையும் இணைத்துத் திருத்தம் அனுப்புங்கள்.

அன்புடன்,
வாசகர், தெம்பனிஸ்