ரிங் ஓரத்தில் உட்கார ஒரு லென்ஸ்

பர்மிங்காம்,
மார்ச் 20

அன்புள்ள செல்வம்,

உன் கடிதம் வந்தது. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. இங்கே எல்லாரும் நலம். குளிர் மட்டும் இன்னும் விடவில்லை. சின்னவளுக்கு லீட்ஸில் வேலை கிடைத்துவிட்டது, அடுத்த மாதம் போகிறாள். வீடு இப்போதே அமைதியாகிவிட்ட மாதிரி இருக்கிறது.

சரி, நீ கேட்ட விஷயம். மே மாதம் ஏசி ஹாலுக்குள் நடக்கும் நாய் கண்காட்சியைப் படமெடுக்க உன்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள், கடன் வாங்கியாவது 70-200 ஜூம் வாங்கிவிடலாமா என்று கேட்டிருக்கிறாய். வேண்டாம்டா. 85 மி.மீ. எஃப்/1.8 லென்ஸ் வாங்கு. ஜூம் கிடையாது, ஆனால் எஃப் எண் சிறியது, வாய் பெரிதாகத் திறந்து வெளிச்சத்தை அள்ளும். விலையும் குறைவு, எடை 350 கிராம்தான். அந்த ஜூம் கிட்டத்தட்ட ஒன்றரைக் கிலோ. நாள் முழுக்கத் தூக்கினால் மூன்று மணிக்கு மேல் உன் தோள் உன்னுடையதாக இருக்காது.

போன வாரம் கிரஃப்ட்ஸ் நாய் கண்காட்சிக்குப் போய்விட்டு வந்தேன். 1891இல் லண்டனில் தொடங்கியது, 1991 முதல் எங்கள் ஊர் என்.இ.சி. கண்காட்சி வளாகத்தில் நடக்கிறது. நான்கு நாள், 20,000க்கு மேல் நாய்கள். டிவியில் நீ பார்க்கும் இறுதிச் சுற்று பெரிய அரங்கத்தில் நடப்பது, அங்கே விளக்குகள் பகல் மாதிரி எரியும். ஆனால் இனவாரியான தேர்வெல்லாம் ஹால்களில், பச்சைக் கம்பளம் விரித்து நாய்களை நடத்திக் காட்டும் ரிங்குகளில்தான். நம் கண்ணுக்கு அங்கேயும் வெளிச்சமாகத்தான் தெரியும். கேமராவுக்கு அது சாயங்காலம் ஆறரை மணி.

முதல் வருஷம் கேமராவோடு வந்த கிட் லென்ஸோடு போய் உட்கார்ந்தேன். ஜூமை இழுத்தால் எஃப்/5.6. சென்சாரின் உணர்திறனை ஐஎஸ்ஓ 3200 வரை ஏற்றியும் ஷட்டர் வேகம் 1/125 வினாடிக்கு மேல் ஏறவில்லை. நாய்களின் முகம் ஓரளவு தெளிவு, கால்கள் எல்லாம் புகை. நாய் துள்ளுநடையில் வரும்போது காலை நிறுத்த 1/500 வேண்டும். எஃப்/1.8 உள்ளே விடும் வெளிச்சம் எஃப்/5.6ஐப் போல சுமார் 10 மடங்கு. அதே ஹாலில், அதே ஐஎஸ்ஓவில் 1/1000 தாராளமாகக் கிடைக்கும். கடைக்காரர் வி.ஆர். இருக்கிறது என்று வேறு லென்ஸைக் காட்டுவார். அது நம் கை நடுக்கத்தைத்தான் சமாளிக்கும், நாயின் காலை நிறுத்தாது. ஆயிரங்கால் மண்டபத்தில் தூணில் சாய்ந்து, மூச்சை அடக்கி, 1/15இல் எடுத்தோமே, நினைவிருக்கிறதா? சிலை நமக்காக அசையாமல் நின்றது.

இவ்வளவு திறந்து வைத்தால் ஃபோகஸ் தப்புமே என்று நீ கேட்பாய். கணக்குப் போட்டுப் பார். உன் நிக்கானில் இருப்பது சிறிய கிராப் சென்சார், அதில் 85 என்பது முழு அளவு சென்சாரில் 127 மாதிரி. 5 மீட்டர் தள்ளி உட்கார்ந்தால் ஒரு ராஜபாளையம் மூக்கிலிருந்து பின்னங்கால் வரை ஃபிரேமில் அடங்கும். அந்தத் தூரத்தில் எஃப்/1.8க்குத் தெளிவாக விழும் ஆழம், முன்னும் பின்னும் சேர்த்து, ஏறக்குறைய 25 செ.மீ. ஜட்ஜ் முன்னால் நாயை நிறுத்தும்போது அது பக்கவாட்டில்தானே நிற்கிறது? அதன் உடம்பின் அகலம் அந்த 25 செ.மீ.க்குள் அடங்கிவிடும். நேராக உன்னை நோக்கி வரும்போதுதான் கண்ணில் ஃபோகஸ் வைத்தால் இடுப்பு மங்கும். மங்கட்டும், கண் தெளிவாக இருந்தால் போதும்.

இன்னொன்று. ஸ்டுடியோவில் உட்கார்ந்து கல்யாணக் கூட்டத்தையே எடுத்துப் பழகியவர்களுக்கு இது சட்டென்று பிடிபடாது. நாய் வளர்ப்பவர்கள் படத்தில் தேடுவது அழகை மட்டும் அல்ல, அமைப்பை. முதுகுக் கோடு, மார்பின் ஆழம், கால் மடிப்பு. பக்கத்தில் போய் 35 மி.மீ.யில் எடுத்தால் தலை பெருக்கும், பின்பகுதி சிறுக்கும். நின்றபடி மேலிருந்து எடுத்தால் கால் குட்டையாகும். நல்ல நாயை நம் படமே கெடுத்துவிடும். அதனால் தள்ளி உட்கார், தரையில் உட்கார். கேமரா நாயின் தோள் உயரத்துக்கு இருக்கட்டும். லென்ஸைவிட நீ உட்காரும் இடம் முக்கியம். காலையில் முதல் ஆளாகப் போய் ரிங்கின் மூலையில் இடம் பிடி. நாய்கள் திரும்பும் இடம் அது.

ஃபிளாஷ் பையிலேயே இருக்கட்டும். நாய் மிரண்டால் அதை ரிங்கில் நடத்தும் ஹேண்ட்லரின் பல மாத உழைப்பு போய்விடும். அதோடு நாயின் விழித்திரைக்குப் பின்னால் ஒளியைத் திருப்பி அனுப்பும் படலம் இருக்கிறது, கண்கள் பச்சையாக எரியும். நாயைத் திரும்ப வைக்க நாக்கைச் சொடுக்குவது, விசிலடிப்பது, அதுவும் வேண்டாம். ஹேண்ட்லர் கையில் தீனித்துண்டைக் காட்டும் நொடிக்குக் காத்திரு. காது தானாக நிமிரும்.

நம் ஊர் மின்சாரத்தில் டியூப்லைட்டும் மலிவான எல்இடியும் வினாடிக்கு 100 முறை ஏறி இறங்கும். 1/500இல் எடுத்தால் ஒரு படம் வெளிச்சம், அடுத்தது மஞ்சளும் இருட்டும். மெனுவில் ஃபிளிக்கர் ரிடக்ஷன் இருந்தால் போட்டு வை. வெள்ளை நாய்க்கு வெளிச்ச அளவை ஒரு ஸ்டாப், அதாவது இரு மடங்கு, ஏற்றி வை, இல்லாவிட்டால் சாம்பலாகிவிடும். கறுப்பு லாப்ரடாருக்கு இறக்கு. கம்பளம் பச்சையாக இருந்தால் வெள்ளை நாயின் வயிற்றில் அந்த நிறம் ஏறும், அதைப் பிறகு கம்ப்யூட்டரில் சரி செய்.

நானே இப்போது 70-200 எஃப்/2.8 வைத்திருக்கிறேன், பொய் சொல்ல மாட்டேன். ரிங் பெரிதாக இருந்து, பக்கத்தில் விடாவிட்டால் அது உதவும். ஆனால் அதற்கு முன் மூன்று வருஷம் 85ஐ மட்டுமே வைத்து எடுத்தேன். எனக்குப் பிடித்த படங்கள் எல்லாம் அதில் எடுத்தவை. உனக்கு ஜூம் தேவைப்பட்டால் அந்த ஒரு நாளுக்கு வாடகைக்கு எடு. கடன் வேண்டாம், தங்கச்சி மகள் கல்யாணம் வேறு வருகிறது.

உங்கள் அப்பா வைத்திருந்த வெள்ளை நாயை எத்தனை முறை எடுத்தோம்! ஒரு படத்தில்கூட அது ஓடவில்லை. நம்மிடம் இருந்த லென்ஸுக்கும் ஃபிலிமுக்கும் திண்ணை நிழலில் அது படுத்திருந்தால்தான் படம். அது ஓடியது என் மனசில் மட்டும்தான் இருக்கிறது. மே மாதக் கண்காட்சிக்கு ராஜபாளையம் வந்தால், ரிங்கில் ஒரு சுற்று ஓடும்போது நாலு காலும் விரிந்திருக்கும் நொடியில் ஒன்று எடு. சுருக்காமல் முழு ஃபைலை அனுப்பு.

அம்மாவுக்கு என் வணக்கம். சொட்டு மருந்தை வேளை தவறாமல் போடு.

உன்,
ரவி