சிகாகோ இல்லாத இசை வரலாறு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மின்னணு நடன இசை விழாக்கள் குறித்துச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். பெல்ஜியத்தின் பூம் நகரில் 2005-ல் தொடங்கிய டுமாரோலேண்ட் விழாவுக்கு இன்று இரண்டு வார இறுதிகளில் சுமார் 4 லட்சம் பேர் திரள்வதைக் கட்டுரையாளர் சுவைபட எழுதியிருக்கிறார். ஆனால் இந்த இசையே ஐரோப்பாவின் கொடை என்பதுபோல் எழுதிச் சென்றிருப்பதை ஏற்க முடியவில்லை. மின்னணு இசைக்கருவிகளைப் பழுது பார்த்துப் பிழைப்பவன் நான். இந்த இசை எந்தக் கைகளில் உருவானது என்பதைச் சொல்லாமல் விடுவது அநியாயம்.

1979 ஜூலை 12 அன்று சிகாகோவின் காமிஸ்கி பார்க் பேஸ்பால் மைதானத்தில், டிஸ்கோ இசைத்தட்டு ஒன்றைக் கொண்டுவந்தால் 98 சென்ட்டுக்கு டிக்கெட் என்று அறிவித்தார்கள். குவிந்த தட்டுகளை மைதானத்தின் நடுவே வெடி வைத்துத் தகர்த்தார்கள். கூட்டம் உள்ளே பாய்ந்ததில் அன்றைய இரண்டாவது ஆட்டமே நடக்கவில்லை. டிஸ்கோவை வளர்த்தவர்களில் பெரும்பாலோர் கறுப்பினத்தவர், லத்தீன் அமெரிக்கர், தன்பாலீர்ப்பாளர். அந்த வெடி யார் மீதான வெறுப்பு என்பதை விளக்க வேண்டியதில்லை. அதே ஊரில் வேர்ஹவுஸ் என்ற கிளப்பில் பிராங்கி நக்கிள்ஸ் என்ற கறுப்பின இளைஞர் 1977 முதலே அவர்களுக்காக இசைத்துக்கொண்டிருந்தார். ஹவுஸ் என்ற மின்னணு நடன இசை வகை அங்கிருந்துதான் கிளைத்தது. அந்தக் கட்டடத்தைக் காக்க வேண்டும் என்று ரசிகர்கள் குரல் கொடுத்த பிறகு, 2023-ல் சிகாகோ மாநகராட்சி அதைப் பாதுகாக்கப்பட்ட சின்னமாக அறிவித்தது.

கருவிகளின் கதையும் இதே போன்றதுதான். கிட்டார் வாசிப்பவர்களுக்குப் பக்கத்துணையாக பேஸ் எனும் தாழ்சுருதி ஒலி தரட்டும் என்று ஜப்பானின் ரோலண்ட் நிறுவனம் 1981-ல் டிபி-303 என்ற சின்ன வெள்ளி நிறப் பெட்டியை இறக்கியது. அதில் ஒரு மெட்டைப் பதிவு செய்வதற்குள் பொறுமை போய்விடும். ஒலியும் உண்மையான பேஸ் கிட்டார் போல் இல்லை. விற்காமல் 1984-ல் தயாரிப்பையே நிறுத்திவிட்டார்கள். மலிவு விலையில் பழைய சாமானாகக் கிடைத்த அதை சிகாகோ இளைஞர்கள் வாங்கினார்கள். மெட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே குமிழ்களைத் திருகினார்கள். ஒலி நெளிந்து, கீச்சிட்டு, கொதித்தது. ஹவுஸ் இசையின் ஆசிட் ஹவுஸ் என்ற கிளை அப்படிப் பிறந்தது. பெரிய ஸ்டூடியோவுக்குப் பணமில்லாதவர்கள் செய்த சாதனை இது.

அமெரிக்காவின் இன்னொரு நகரான டெட்ராய்ட்டில் ஹுவான் அட்கின்ஸும் கெவின் சாண்டர்சனும் அவர்களது நண்பர்களும் டெக்னோ என்ற மற்றொரு மின்னணு நடன இசை வகையை வளர்த்தார்கள். பெர்லின் சுவர் இடிந்த பிறகு அந்நகரில் பழைய பேரங்காடி ஒன்றின் நிலவறைப் பெட்டகத்தில் 1991-ல் தொடங்கிய ட்ரெசார் கிளப், டெட்ராய்ட் கலைஞர்களைத் தேடிப்பிடித்து அவர்களது இசையை வெளியிட்டது. 2024-ல் ஜெர்மனி பெர்லின் டெக்னோவைத் தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. மகிழ்ச்சியே. அதே மரியாதை டெட்ராய்ட்டுக்கும் கிடைக்க வேண்டாமா?

விழாக்கள் தொடக்கத்திலிருந்தே வணிகமாக இருக்கவில்லை என்பதும் கட்டுரையில் இல்லை. 1992-ல் இங்கிலாந்தின் காசில்மார்ட்டன் பொது நிலத்தில் பல்லாயிரம் பேர் டிக்கெட் இல்லாமல் கூடி நாள்கணக்கில் ஆடினார்கள். இரண்டே ஆண்டுகளில் வந்த சட்டம், திரும்பத் திரும்ப ஒலிக்கும் தாளங்களையே குறிப்பிட்டு, திறந்தவெளி இரவுக் கூட்டங்களைக் கலைக்கப் போலீசுக்கு அதிகாரம் தந்தது. உரிமம் வாங்கவும் வேலி போடவும் வசதியுள்ளவர்களுக்கு அது சாதகமானது. டெட்ராய்ட்டில் 2000-ல் ஆற்றங்கரை ஹார்ட் பிளாசாவில் தொடங்கிய விழாவும் முதலில் இலவசம்தான். பின்னர் அங்கும் கட்டணம் வந்துவிட்டது. பெரிய மேடை போடப் பணம் வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் இசையை உருவாக்கிய தெருக்காரர்களே உள்ளே போக முடியாத விலை வைப்பதை வளர்ச்சி என்று பாராட்ட என்னால் முடியாது.

நம் நாட்டிலும் விடுபட்டவர் உண்டு. மும்பை திரையிசையில் வாசித்துவந்த சரண்ஜித் சிங், 1982-லேயே இதே 303 பெட்டியை வைத்துப் பத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தில் பதிவு செய்தார். அன்று யாரும் வாங்கவில்லை. 2010-ல் மறுவெளியீடு வந்த பிறகுதான் உலகம் அவரைத் தேடியது, 2015-ல் காலமானார். கோவாவில் 2007-ல் தொடங்கிய சன்பர்ன் விழாவைப் பற்றி ஒரு பத்தி எழுதியவர், இவருக்கு ஒரு வரி ஒதுக்கியிருக்கலாம்.

டெட்ராய்ட் முன்னோடிகள் சிலர் இன்றும் மேடையேறுகிறார்கள். அவர்களைப் பற்றித் தனிக் கட்டுரை ஒன்றைத் தங்கள் இதழில் விரைவில் வெளியிட வேண்டுகிறேன்.

தங்கள் வாசகர்,
கோயம்புத்தூர்