மே 18 அகவணக்கத்துக்குக் கைகொடுத்த எல்லோருக்கும்

உறவுகளே, 2009இல் போரின் கடைசி நாட்களில் இறந்த எங்கள் சனத்துக்கான முள்ளிவாய்க்கால் நினைவேந்தல் இந்த முறை எங்கள் சந்தியில் ஒரு குறையும் இல்லாமல் நடந்ததென்றால், அதற்குக் காரணமான ஆட்களில் ஒருவர்கூட ஒலிவாங்கியைப் பிடிக்கவில்லை. அதனால்தான் இந்த மடல்.

முள்ளிவாய்க்காலில் சனம் குடித்து உயிர்பிடித்த கஞ்சியை, அந்த நினைவாக விடியப்புறமே வந்து காய்ச்சிய அக்காமாருக்கு முதல் நன்றி. தேங்காய்ப்பால் விடுவமோ என்று யாரோ கேட்க, “அங்க எங்களுக்கு ஆர் பால் விட்டது? அரிசியும் உப்பும் தண்ணியும் காணும்” என்று மூத்த அம்மா ஒருவர் சொன்னார், அதற்குமேல் ஒருவரும் பேசவில்லை. 2024இல் திருகோணமலை மாவட்டச் சம்பூரில் கஞ்சி கொடுத்ததற்காகப் பெண்களைக் கைது செய்த பிறகு, உங்களில் எத்தனை பேரை வீட்டில் மறித்திருப்பார்கள் என்று எனக்குத் தெரியும். அப்படியிருந்தும் வந்தீர்கள். வீடு வீடாகச் சிரட்டை சேர்த்துத் தேய்த்துக் கழுவித் தந்த பிள்ளைகளே, உங்களையும் மறக்கவில்லை.

அப்புறம் அந்தக் கொப்பி. 40,000 பொதுமக்கள் வரை இறந்திருக்கலாம் என்று ஐ.நா. நிபுணர் குழு 2011இல் சொன்னது, ஆனால் அவர்கள் யார் யார் என்று முழுதாகச் சொல்லும் பட்டியல் இன்றுவரை எங்கள் கையில் இல்லை. எங்கள் ஊர் ஆட்களின் பெயரையாவது எழுதிவைப்போம் என்று படலை படலையாக ஏறி இறங்கிய தங்கச்சிக்கு என்ன சொல்லி நன்றி சொல்வது? பெயர் வைக்குமுன்னே போன குழந்தைகளைத் தாயின் பெயருக்குக் கீழே எழுதியிருந்தாள்.

பத்தரைக்கு மணி அடித்ததும் டயர் ஒட்டுக்கடைத் தம்பிமார் வேலையை நிறுத்தினார்கள், மினிபஸ் ஓரங்கட்டி நின்றது. அந்த நேரம் பார்த்துப் பேக்கரி ஓட்டோ ஒன்று பாட்டைப் போட்டபடி திரும்ப எனக்கு நெஞ்சு பதறிவிட்டது. ஓட்டி வந்த தம்பி சனத்தைக் கண்டதும் பாட்டையும் எஞ்சினையும் நிறுத்தி, இறங்கித் தலைகுனிந்து நின்றான். பிறகு கஞ்சி கொடுக்கும்போது மெதுவாகச் சொன்னான்: “எங்கட அம்மம்மா வட்டுவாகல் பாலம் மட்டும் வரேல்லை அண்ணை.” போரின் கடைசியில் சனம் வெளியேறி வந்த அந்தப் பாலம்வரை வந்துசேராத அம்மம்மாவின் பெயரையும் கொப்பியில் சேர்த்தாயிற்று. தம்பி, உனக்கு மனம் நிறைந்த நன்றி.

பெயர் விடுபட்டவர்கள் இருந்தால் வாசிகசாலையில் வந்து சொல்லுங்கள், கொப்பி அங்கேதான் இருக்கும். கிடாரம் கழுவிக் கவிழ்த்துக் கிடக்கிறது, அதைக் கோயில் மடத்தில் கொண்டுபோய் விட பெட்டி பூட்டிய ஒரு லான்ட்மாஸ்ரர் (இருசக்கர உழவு இயந்திரம்) வேண்டும். யாரிடமாவது இருந்தால் நாளைக்கு ஒருக்கால் கொண்டுவாருங்கள்.