படத்தின் கீழ்ப்பாதி: பிரிட்டிஷ் கொலம்பியா வனத்துறைக்கு ஒரு திறந்த மடல்

கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாண வனத்துறையில் முடிவெடுக்கும் இடத்தில் இருப்பவர்களுக்கு,

வணக்கம்.

வான்கூவர் ஓவியக் கூடத்தில் ஓவியர் எமிலி கார் 1935இல் வரைந்த ஒரு படத்தைப் பார்த்துவிட்டு வந்து இதை எழுதுகிறேன். 'மரவேலைக்கு ஆகாதென்று இகழப்பட்டது, வானத்துக்குப் பிரியமானது' என்பது தலைப்பு. ஒல்லியான ஒற்றை மரம் நெடுநெடுவென்று நிற்கிறது. உச்சியில் மட்டும் கொஞ்சம் இலை. அதைச் சுற்றி வானம் வளையம் வளையமாக ஒளிர்கிறது. எல்லோரும் அண்ணாந்து அந்த ஒளியைத்தான் பார்க்கிறார்கள். நானும் முதலில் அப்படித்தான் பார்த்தேன். அப்புறம்தான் கண் கீழே இறங்கியது. அங்கே இருப்பவை அடிக்கட்டைகள். அந்த மரத்தோடு வளர்ந்தவை எல்லாம் மில்லுக்குப் போய்விட்டன. விலை போகாததால் இது மட்டும் தப்பியது.

இந்தப் பெண்மணியை உங்கள் மாகாணம் ஒருமுறை கைவிட்டிருக்கிறது. 1912இல் ஹைடா குவாய் தீவுகள், ஸ்கீனா ஆற்றங்கரை என்று முதற்குடி மக்களின் ஊர்களுக்கெல்லாம் போய், அவர்களின் செதுக்குக் கம்பங்களை வரைந்தார். மறுவருடம் வான்கூவரில் இருநூறு படங்கள் வரை காட்சிக்கு வைத்தார். அரசு வாங்கிக்கொள்ளும் என்று நம்பினார். வாங்கவில்லை. விக்டோரியாவில் வீட்டை வாடகைக்கு விட்டு, நாய் வளர்த்து, மண்பாண்டம் செய்து விற்றுப் பிழைத்தார். 1927இல் ஒட்டாவா தேசியக் காட்சிக்கு அழைப்பு வரும்வரை தூரிகையைத் தொட்டதே அபூர்வம். அப்போது அவருக்கு 55 வயது.

அதற்குப் பிறகுதான் காட்டுக்குள் போனார். 1933இல் பழைய வண்டி ஒன்றை வாங்கி 'யானை' என்று பெயர் வைத்து, நாய்களோடும் குரங்கோடும் அதில் தங்கி வரைந்தார். எண்ணெய் வண்ணத்தை பெட்ரோலில் கரைத்து மலிவான மணிலா காகிதத்தில் இழுத்தார். காற்றே ஓடுவது போன்ற அந்தக் கோடுகள் அப்படி வந்தவை.

வெட்டிய காடுகளையும் அவர் விடவில்லை. ரம்பம் முழுதாக அறுத்து முடிப்பதற்குள் மரம் சாயும். அறுபடாத நார் கிழிந்து, அடிக்கட்டையின் நடுவே சிராய்சிராயாக ஒரு வரம்பு நிற்கும். அதற்கு 'அலறிகள்' என்று பெயர் வைத்து நாட்குறிப்பில் எழுதினார். மரம் விழும்போது போட்ட கூச்சல் அதில் உறைந்திருப்பதாக அவருக்குப் பட்டது. வெட்டுக்காட்டில் கால் வைத்தவர்களுக்கு அந்தச் சிராய் தெரியும். உங்கள் கள அலுவலர்களுக்கு நன்றாகவே தெரியும்.

அவரிடமும் குறை உண்டு. முதற்குடி மக்கள் மறைந்துபோவார்கள் என்று அந்தக் காலத்து வெள்ளையர்களைப் போலவே நம்பினார். அவர்கள் மறையவில்லை. அந்தக் காடுகளைப் பற்றிப் பேசும் முதல் உரிமை அவர்களுடையது. 2021 ஜூனில் பச்சீடாட், டிட்டிடாட், ஹு-ஆய்-ஆட் ஆகிய முதற்குடி மக்கள் கேட்டதால்தான் வான்கூவர் தீவின் ஃபேரி கிரீக் பள்ளத்தாக்கில் பழங்காடு வெட்டுவதை இரண்டு வருடம் தள்ளிவைத்தீர்கள். அங்கே மறியலில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் கைதானதை நாடே பார்த்தது. பிறகு வெட்டுத் தடையை நீட்டித்தீர்கள். சரி, நல்லது. ஆனால் தள்ளிவைப்பது காப்பாற்றுவது ஆகாது. தேதி முடிந்தால் ரம்பம் வரும்.

நான் கேட்பது இதுதான். நீங்களே அமர்த்திய குழு 2020இல் பழங்காடுகளுக்காகத் தந்த 14 பரிந்துரைகளையும் முழுதாக நிறைவேற்றுங்கள். வெட்டாமல் விடுவதால் வருமானம் இழக்கும் முதற்குடி மக்களுக்கு அந்தப் பணத்துக்கு வழி செய்யுங்கள். காடு காக்கும் சுமையை அவர்கள் தலையில் மட்டும் வைக்காதீர்கள். ஆயிரம் வருடத்து சீடார் மரம் நிற்கும் இடத்துக்கு வெட்டு அனுமதி கேட்டு அடுத்த கோப்பு மேசைக்கு வரும்போது, கையெழுத்துக்கு முன் அந்த 1935ஆம் வருடப் படத்தின் கீழ்ப்பாதியை ஒருமுறை போய்ப் பாருங்கள்.

இப்படிக்கு,
எமிலி காரின் படங்களை நேசிக்கும் ஒருவர்